ஒயின் கிட்டுனு விளம்பரம் பாத்து பணம் கட்டிறாதீங்க, நான் பட்டதே போதும்

கிறிஸ்துமஸுக்கு வீட்ல ஒயின் போடுறவங்க இந்நேரம் திராட்சைக்கு சொல்லி வச்சிருப்பீங்க, அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ படிச்சிருங்க. வித்தவன் பேர் போடல, ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

எனக்கு ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம். அப்பத்தா இருந்த வரைக்கும் நவம்பர் பொறந்துட்டா பீங்கான் ஜாடிய கழுவி வெயில்ல கவுத்துருவாங்க. கம்பத்துல இருந்து வர்ற பன்னீர் திராட்சை அஞ்சு கிலோ, சீனி, ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு பட்டை, அவ்வளவுதான். ஜாடி வாயில வேட்டித் துணிய கட்டிட்டு தினமும் காலையில ஜெபம் முடிஞ்சதும் ஈரமில்லாத அகப்பையால ஒரு கிண்டு. புளிக்க வைக்க ஈஸ்ட்டுனு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்கு தெரியாது, திராட்சைத் தோல்ல ஒட்டிக்கிட்டு வர்றதே வேலைய பாத்துக்கும். சில வருஷம் அமிர்தம், சில வருஷம் காடி. காடியாப் போனா மீன் ஊறுகாய்க்கு ஆச்சுனு விட்டுருவாங்க.

நான்தான் கொஞ்சம் மாடர்னா போடலாம்னு போன வருஷம் போன்ல வந்த விளம்பரத்த நம்பி ஒயின் போடுற சாமான் எல்லாம் சேர்ந்த ஒரு கிட் வாங்குனேன். 2,450 ரூபாய், முழுசும் முன்பணம் ஜிபேல. ராமநாதபுரத்துல கொரியர் ஆபீஸ்ல போய் எடுத்துக்கோங்கனு மெசேஜ், இங்கருந்து பாலம் தாண்டி பஸ் ஏறிப் போய் தூக்கிட்டு வந்தேன். உள்ள பத்து லிட்டர் கண்ணாடி ஜாடி, கீழ பளபளனு ஒரு குழாய், மூடியில ரப்பர் வச்சு கிளிப் போட்டு இறுக்குற மாடல். ஒரு சின்ன ஜிப் கவர்ல பழுப்புக் குருணை, மேல 'ஒயின் ஈஸ்ட்'னு ஸ்டிக்கர். இன்னொரு கவர்ல வெள்ளைப் பொடி, அதுல ஸ்டிக்கர் கூட இல்ல. ஒரு துண்டுச்சீட்டு: திராட்சைய மசிச்சு, வெள்ளைப் பொடி ஒரு ஸ்பூன், ஈஸ்ட் பாதி பாக்கெட், ரெண்டையும் ஒண்ணா போட்டு காத்து போகாம இறுக்கி மூடணும், இருபத்தோரு நாள் திறக்கக் கூடாது.

மூணு நாளாச்சு, ஒரு நுரை இல்ல. அப்பத்தா ஜாடினா ரெண்டாம் நாளே காத வச்சா சளசளனு பேசும். அஞ்சாம் நாள் மனசு கேக்காம திறந்தேன், தீக்குச்சிய அணைச்சா வருமே அந்த நெடி, மூக்குல சுர்ருனு ஏறுது, பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரருக்கு வீசிங் இருக்கு, மனுசன் இருமி இருமி வாசல்ல போய் உக்காந்துட்டார். கருநீலமா இருந்த சாறு ரோஸ்மில்க்குல தண்ணி ஊத்துன மாதிரி வெளுத்துக் கெடக்கு.

கொழுந்தன் மகன் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிறான், மோந்து பாத்துட்டு பெரியம்மா இது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டாத்தான் இருக்கும், பழ ஸ்குவாஷ் கெடாம இருக்க போடுறதுனு சொன்னான். ஒயினுக்கும் போடுறதுதானாம், ஆனா அஞ்சு லிட்டருக்கு அரை கிராம் போதும், போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுத்தான் ஈஸ்ட்ட போடணும். ஸ்பூன்ல அள்ளுனா அஞ்சு கிராமுக்கு மேல வரும். கணக்குப் பாருங்க, பத்து மடங்கு. போட்ட ஈஸ்ட்டும் செத்துது, தோல்ல இருந்ததும் செத்துது. வீசிங் இருக்கிறவங்களுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது, அதை எந்தச் சீட்டுலயும் எழுதல.

சரி ஈஸ்ட்டாவது நல்லதானு மிச்சம் இருந்த பாதிய சோதிச்சோம். ரெண்டு டம்ளர்ல வெதுவெதுப்பான தண்ணி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் சீனி. ஒண்ணுல பேக்கரியில அஞ்சு ரூபாய்க்கு கேட்டு வாங்குன ஈஸ்ட், இன்னொண்ணுல இவன் குடுத்தது. பத்து நிமிசத்துல பேக்கரி டம்ளர் எங்க ஊர்ல அலையடிக்கிற ஆண்கடல் மாதிரி பொங்கி வழியுது, இது அமைதியா கெடக்குற பெண்கடலாட்டம் அசையவே இல்ல, குருணை அடியில படிஞ்சு மண்ணு மாதிரி கெடக்கு. இதுல ஒரு நல்லது என்னன்னா, பொடியும் அளவா விழுந்து ஈஸ்ட்டும் நல்லதா இருந்திருந்தா நான் ஆஸ்பத்திரியில இருந்திருப்பேன். ஒரு கிலோ சீனி புளிச்சா கிட்டத்தட்ட அரை கிலோ கரியமில வாயு வரும், கிளிப் போட்டு இறுக்குன கண்ணாடி ஜாடியில அது எங்க போகும்? துணி கட்டுற அப்பத்தாவுக்குத் தெரிஞ்சது இந்த வியாபாரிக்கு தெரியல.

குழாய மறந்துட்டேன். சாறக் கொட்டும்போது பாத்தா உள்பக்கம் வெள்ளி நிற முலாம் செதில் செதிலா உரிஞ்சு கீழ பித்தளை தெரியுது. புளிப்புல பித்தளை பட்டா கரையும்னு ஊறுகாய் போடுற எல்லாருக்கும் தெரியும், நானும் யோசிக்காம விட்டேன்.

போன் பண்ணுனேன். முதல்ல அக்கா அக்கானு தேன் மாதிரி பேசுனான், சீனி இன்னும் ஒரு கிலோ போடுங்கனான். பணத்த திருப்பிக் குடு தம்பினு சொன்னதும், வேணும்னா ஒரு பாட்டில் ஸ்பிரிட் அனுப்புறேன், கலந்துக்கோங்க, கிக் வந்துரும், யாருக்கும் தெரியாதுங்கிறான். எனக்கு கை நடுங்கிருச்சு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால்ங்கிற விஷம் கலந்த சாராயத்துல அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, அப்பவும் யாரோ ஒருத்தன் இப்படித்தான் பேசிருப்பான். எந்த லேபிளும் இல்லாத ஸ்பிரிட்ட எவன் குடுத்தாலும் வாங்காதீங்க, சும்மா குடுத்தாலும் சரி.

கம்ப்ளைன்ட் பண்ணுவேன்னேன். சிரிக்கிறான். "போலீஸ்ல போய் என்னன்னு சொல்வீங்கக்கா, வீட்ல ஒயின் போட்டேன்னா?"

அவன் தைரியமே அதுதான். நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம ஒயின் போடுறது 1937 மதுவிலக்குச் சட்டப்படி தப்பு, பண்டிகைக்கு ரெண்டு பாட்டில்னு நாமளே சமாதானம் சொல்லிக்கிறோம், அந்தக் கூச்சத்துல வாய மூடிக்குவோம்னு அவனுக்குத் தெரியும். ஆனா ஜாடி வாங்குறதும் ஈஸ்ட் வாங்குறதும் தப்பில்லையே. நான் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு ஜாடி, குழாய், லேபிள் இல்லாத பாக்கெட்னு அதை மட்டும் பதிஞ்சேன். பாக்கெட்ல விக்கிற ஈஸ்ட்டுனா பதினாலு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தேதி எல்லாம் இருக்கணும், இதுல ஒண்ணுமே இல்ல. பணம் இன்னும் வரல. என் நம்பர பிளாக் பண்ணிட்டான்.

நேத்து மதினி ஒரு விளம்பரத்த அனுப்பி இது நல்லாருக்கானு கேட்டாங்க. பேர் புதுசு, நம்பர் புதுசு. போட்டோ மட்டும் அதே ஜாடி, அதே குழாய், பின்னாடி அதே பச்சைத் திரைச்சீலை.