பேப்பரா இசட் செட்டரா, டூல் ஹைட் எடுக்க எது சரி?

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் புதுசா வி.எம்.சி. (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்) போட்டவங்க அடிக்கடி கேக்குறது இதான், பேப்பர் வச்சே ஓட்டிரலாமா இல்ல செட்டர் வாங்கணுமாண்ணே? டூல் முனை எந்த உயரத்துல தொடுதுன்னு மெஷினுக்குச் சொல்றதுதான் டூல் ஹைட் எடுக்குறது. பேப்பர்னா டூலுக்கும் ஜாப்புக்கும் (வெட்டப்போற துண்டு) நடுவுல தாள வச்சு அது பிடிக்கிற வரைக்கும் டூல எறக்குறது, இசட் செட்டர்னா டூல் மேல தொட்டா முள்ளு காட்டுற, உயரம் தெரிஞ்ச கருவி.

செலவு
பேப்பர்: காசே இல்ல.
செட்டர்: 50 மி.மீ. உயர டயல் டைப்புக்கு சில ஆயிரம் ஆகும்.

அளவு
பேப்பர்: சாதா ஏ4 சுமாரா 0.1 மி.மீ. இருக்கும், ஆனா எங்க பிடிக்குதுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், டே ஷிப்ட்காரர் லேசா உரசுனாப் போதும்பாரு நைட் ஷிப்ட்காரர் இறுக்கிப் பிடிப்பாரு, அப்புறம் ரெண்டு டூல் சேர்ற எடத்துல படி விழுந்து ஃபினிஷிங்கே போயிரும்.
செட்டர்: முள்ளு ஜீரோவுக்கு வந்துருச்சா, யாரு தொட்டாலும் ஒரே அளவுதான்.

டூலுக்கு
பேப்பர்: சின்ன கார்பைடு கட்டர வேகமா எறக்குனா முனை பேந்துரும்.
செட்டர்: ஸ்பிரிங் அமுங்கிக் குடுக்கும், இருந்தாலும் கடைசியில ஹேண்ட்வீல (கையால டூல நகத்துற சக்கரம்) 0.01 மி.மீ. படியிலயே சுத்துங்க.

செட்டர்ல ரெண்டு கவனம். அடியில ஒரு சிப் (உலோகச் சீவல்) கெடந்தாலும் அளவு போச்சு, தொடச்சு வைங்க. ஜாப் மேல வச்சு தொட்டீங்கன்னா 50ஐ கழிக்க மறந்தா டூல் காத்துல ஓடும், ரெண்டு தடவ கழிச்சா நேரா வைஸ்ல (ஜாப்பப் பிடிக்கிற கிடுக்கி) எறங்கும், அதனால முதல் ஓட்டம் சிங்கிள் பிளாக்தான், அதாவது புரோகிராம ஒவ்வொரு வரியா நிறுத்தி ஓட்டுறது.

ஒரே டூல், டிரில் வேலைன்னா பேப்பர் போதும். அஞ்சாறு டூல் மாத்தி மாத்தி ஓடுற ரிப்பீட் ஜாப்புக்கு கண்டிப்பா செட்டர்தான், எல்லா டூலுக்கும் ஒரே எடத்துல ஹைட் எடுத்து எச் ஆஃப்செட்ல (மெஷின்ல ஒவ்வொரு டூல் ஹைட்டும் பதியிற எடம்) போட்டுட்டா ஜாப் மாறுனாலும் ஜி54 இசட் (ஜாப்போட ஜீரோ உயரம்) மட்டும் மாத்துனா போதும்.