தம்பலகாமமா, திருகோணமலை நகரமா: குடியிருக்க எது நல்லது?

திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் சுற்றுப்புற ஊர்களில் உள்ள குடும்பங்களில் எழும் முதற் பேச்சு, ரவுணில் வாடகைக்கு வீடு எடுப்பதா, ஊரில் இருந்தபடியே போய்வருவதா என்பதுதான். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். பதினொரு ஆண்டுகள் ஏகாம்பரம் வீதிக்கு அண்மையில் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்துவிட்டு, 2017இல் தம்பலகாமத்தில் உள்ள அம்மாவின் வீட்டுக்குத் திரும்பினேன். இடையே இருப்பது ஏறத்தாழ 24 கிலோமீற்றர். காலையில் எழும்பும் நேரம் முதல் பிள்ளையின் படிப்பு வரை எல்லாவற்றையும் அது மாற்றிவிடுகிறது.

போக்குவரத்தில் நகரமே மேல். அங்கு இருந்தபோது சைக்கிளில் பத்து நிமிடத்தில் அலுவலகம் சேர்ந்தேன். இப்போது கண்டி வீதிக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும், மாலையில் இறங்கிய பின்னும் வயல்களின் நடுவே உள்ளே போக வேண்டும். 1927இல் திறக்கப்பட்ட திருகோணமலைப் புகையிரதப் பாதையில் எங்களுக்கும் ஒரு நிலையம் உண்டென்றாலும், நாளில் ஓடும் ஓரிரு வண்டிகளை நம்பி வேலைக்குப் போக முடியாது. ஆயினும் இந்தக் குறையைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அவ்வூர் மக்கள் படகுப்பாதை எனப்படும் மிதவையில் ஏறியே நீரைக் கடந்தார்கள். அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாதிருந்த வேளையில், 2021 நவம்பரில், படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். தரைவழியாகவே நகருக்குப் போய்வர முடிவது எவ்வளவு பெரிய கொடை என்பதை அன்றைக்குத்தான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

இரண்டு இடங்களையும் உண்மையில் பிரிப்பது, உங்களை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது. நகரில் எங்கள் மதிலுக்கு அப்பால் இருந்த முதியவர் இறந்த செய்தியை, ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டியதைக் கண்டுதான் அறிந்தேன். ஐந்து ஆண்டுகள் ஒரே மதிலைப் பகிர்ந்திருந்தும் அவருடைய பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தம்பலகாமத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்த அன்று, செய்தி என் கைபேசிக்கு வருவதற்குள்ளாகவே அயலவர்கள் அவரை ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள், ஒருவர் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தார், இன்னொருவர் மாட்டைக் கட்டியிருந்தார். இதை எந்த வாடகைக் காசுக்கும் வாங்க முடியாது.

அதே நெருக்கம்தான் மூச்சையும் முட்டச் செய்கிறது. மாலை வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளையின் சைக்கிள் எந்தச் சந்தியில் எவ்வளவு நேரம் நின்றது என்பது அவள் வீடு சேர்வதற்கு முன்பே வீடு சேர்ந்துவிடுகிறது. கணவனை இழந்த பெண் புதுச் சேலை உடுத்தினால் அதற்கும் ஒரு காரணம் கற்பிக்கப்படுகிறது. யாருடைய பிள்ளை என்று கேட்பவர் சில வேளை அன்பாகத்தான் கேட்கிறார். சில வேளை சாதியை அறியக் கேட்கிறார், கேட்கப்படுபவருக்கும் அது விளங்குகிறது. என்னைப் போன்ற நடுத்தர வயது ஆணுக்குச் சிற்றூர் தரும் நிம்மதியை ஓர் இளம்பெண்ணுக்கும் அது தருகிறது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். நகரில் ஒருவர் முகம் தெரியாமல் வாழக் கிடைப்பதும் ஒரு சுதந்திரமே.

செலவைப் பொறுத்தவரை, வாடகை இல்லை என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, முற்றம் இல்லாத நகரத்து வீடுகளில் இருந்த என் நண்பர்கள் விறகு மூட்ட இடமின்றித் தவித்தார்கள். நாங்கள் பின்வளவில் மூன்று கல் வைத்துச் சமைத்தோம், நெல்லும் வீட்டில் இருந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் வெள்ளாமை படுத்து, கடனில் விழுந்தவர்களும் எங்கள் ஊரார்தான். கந்தளாய்க் குளத்து நீரை நம்பியிருக்கும் ஊரில் ஒரு போகம் பொய்த்தால் விவசாயிக்கு மட்டும் இழப்பு வருவதில்லை; கடைக்காரரின் கடன் கொப்பியும் நிரம்பி, ஓட்டோக்காரரின் வருமானமும் குறைகிறது. நகரத்தில் துறைமுகம், அரச அலுவலகங்கள், சுற்றுலா என்று வருவாய் பல வழிகளில் வருவதால் அடி ஒரே இடத்தில் விழுவதில்லை.

வைத்தியத்திலும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரப் படிப்பிலும் சிற்றூர் போட்டியிடவே முடியாது. காய்ச்சலுக்கு எங்கள் வைத்தியசாலை போதும். நெஞ்சுவலி என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டும், நள்ளிரவில் 24 கிலோமீற்றர் மிக நீளமானது. கோணேஸ்வரா இந்துக் கல்லூரியும் சண்முக இந்து மகளிர் கல்லூரியும் நகரில் இருக்கின்றன. பெயர் பெற்ற ரியூசன் வகுப்புகளும் அங்கேதான்.

கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நகருக்குக் கடற்காற்று கொஞ்சம் ஆறுதல் தரும், எங்களுக்கு வெக்கைதான்; கதிர் முற்றும் காலத்தில் யானைக் காவலும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, வயதான பெற்றோரோடு, நிரந்தர வேலையோடு, சிறு பிள்ளைகளோடு இருப்பவர்கள் தம்பலகாமத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதே என் தீர்ப்பு. உயர்தரம் படிக்கும் வயதுப் பிள்ளைகள், தனித்து வாழ விரும்பும் பெண்கள், வாரந்தோறும் கிளினிக் போக வேண்டிய நோயாளர் ஆகியோருக்கு நகரமே பொருந்தும். என் மகள் அடுத்த ஆண்டு உயர்தரக் கணிதப் பிரிவில் சேர்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு நகரில் ஒரு சிறிய வீடு பார்த்திருக்கிறோம். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரவில் அவருக்குத் துணையாகப் படுக்கப் பக்கத்து வீட்டு மாமி வருவார். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் நாங்கள் ஊருக்கு வந்துவிடுவோம்.