மின்னணு கை பிரேக் உள்ள காரா? பேட் மாற்ற எங்கே போவது என்று ஓர் அலசல்

வாரண்டி முடிந்த கார், தேய்ந்துபோன பின்சக்கர பிரேக் பேட். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: கம்பெனி சர்வீஸ் சென்டர், காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் வைத்து வேலை பார்க்கும் தனிப் பட்டறை, வெகுகாலமாகப் பழகிய தெருமுனை மெக்கானிக். நான் தனிப் பட்டறைக்குத்தான் போனேன். இனியும் அங்கேதான் போவேன். செலவு குறைவு என்பது உண்மை; ஆனால் அதை முன்வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடலாம். முன்சக்கர பேட் மாற்றுவதற்கு இந்த மூன்றில் எந்த இடமும் போதும். முன்னால் இருக்கும் காலிபரில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் மேல் பேட்டை அழுத்தும் பிடியில், பெரும்பாலும் மோட்டார் கிடையாது; எண்ணெய் அழுத்தத்தில் நகரும் பிஸ்டன் மட்டும்தான். பழகிய மெக்கானிக் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துக் கொடுத்துவிடுவார். சிக்கல் பின்சக்கரத்தில்தான் தொடங்குகிறது.

கை பிரேக் லிவருக்குப் பதிலாகப் பொத்தான் உள்ள கார்களில், பெரும்பாலும் பின்பக்கக் காலிபரின் முதுகில் ஒரு சிறு மோட்டார் பூட்டியிருப்பார்கள். அது ஒரு திருகுத் தண்டைச் சுற்றும். தண்டின் மேல் இருக்கும் நட்டு முன்னால் நகர்ந்து, பிஸ்டனை உள்ளிருந்து தள்ளும். கை பிரேக்கை விடுவித்தால் நட்டு கொஞ்சம்தான் பின்வாங்கும், முழுவதுமாக வராது. புதிய பேட் தடிமனானது. அதற்கு இடம் வேண்டுமானால் பிஸ்டன் நன்றாக உள்ளே போக வேண்டும், அதற்கு முன் நட்டு கடைசிவரை பின்னால் வந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் மூன்று இடங்களும் வேறுபடுகின்றன.

தெருமுனை மெக்கானிக்கிடம் இதற்கு இரண்டு கைவழிகள் உண்டு. ஒன்று, சி வடிவ இறுக்கியான சி கிளாம்ப் போட்டு பிஸ்டனை நேரடியாக அழுத்துவது. நட்டு பின்வாங்காமல் நிற்கும்போது அழுத்தினால், அந்த விசை முழுவதும் தண்டின் மரைக்கும் அதன் பின்னால் உள்ள பல்சக்கரங்களுக்கும் போகிறது. பல மாடல்களில் அந்தப் பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். அன்றைக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் பொத்தானை இழுத்தால் கரகரவென்ற சத்தம் மட்டும் வரும், வண்டி மேட்டில் நிற்காது. இன்னொன்று, மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து நேராக 12 வோல்ட் கொடுப்பது. மோட்டார் பின்னோக்கிச் சுற்றும், நட்டும் வரும். ஆனால் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த வேலையைச் செய்யும்போது, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, எல்லை வந்ததும் நிறுத்திவிடும். வயரைப் பிடித்திருக்கும் கைக்கு அந்த எல்லை தெரியாது. நட்டு கடைசியில் போய் இறுகிக்கொள்ளக்கூடும். நட்டு இப்போது எங்கே நிற்கிறது என்பது பெட்டிக்கும் தெரியாமல் போகிறது. பழகிய மெக்கானிக்கின் கைத்திறமை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆனால் இந்தக் காலிபரை அவர்களிடம் கொடுக்க மாட்டேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இந்தக் கவலை இல்லை. காருக்கே உரிய கருவி இருக்கிறது, மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் அதையும் ஏற்றிவிடுவார்கள், விற்கும்போது காட்ட ரசீது இருக்கும். வாரண்டி காலத்தில் வேறு எங்கும் போகாதீர்கள் என்றே சொல்வேன். எனக்கு அங்கே ஒத்துவராதது ஒன்றுதான்: முதலில் அங்கே காட்டியபோது, வண்டியை உள்ளே கொண்டுபோய்விட்டு, பேட் போய்விட்டது, டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன். அளவு வரவில்லை, மதிப்பீட்டுத் தொகை மட்டும் வந்தது. டிஸ்க் எந்த அளவுக்குக் கீழே தேயக்கூடாது என்பது பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. எல்லா சென்டரும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை.

தனிப் பட்டறையில் அந்த அளவை என் கண்முன்னே எடுத்தார்கள். டிஸ்க்கில் இன்னும் இடம் இருந்தது, மாற்றத் தேவையில்லை. வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டினார்கள். பாதி வேலையில் மின்னழுத்தம் விழுந்தால் மோட்டார் நடுவழியில் நின்றுவிடும். ஸ்கேனரில் பின்பிரேக்கைப் பராமரிப்பு நிலைக்கு, அதாவது நட்டு கடைசிவரை பின்வாங்கி நிற்கும் நிலைக்கு, கொண்டுபோனதும், இரண்டு பக்கமும் மெல்லிய ரீங்காரம் எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகுதான் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேனரே போனது. பிஸ்டனைத் தள்ளும்போது காலிபரிலிருந்து எண்ணெயை வெளியேற்றும் பிளீடர் திருகைச் சற்றே திறந்து ஒரு குழாய் மாட்டினார் அந்த இளைஞர். கருத்துப்போன பழைய எண்ணெய் வெளியே பாட்டிலுக்குள் வந்தது. திறக்காமல் தள்ளினால் அந்தக் கசடு வந்த வழியே ஏபிஎஸ் பெட்டிக்குள் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) திரும்பிப் போகும். அங்கே இருக்கும் வால்வுகள் மிக நுணுக்கமானவை. பேட் மாட்டியதும் மிதி கெட்டியாகும்வரை பிரேக்கை மிதித்தார், எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்தார், பிறகுதான் பராமரிப்பு நிலையிலிருந்து வெளியே வந்தார். நட்டு முன்னே வந்து புதிய பேட்டின் தடிமனைத் தானே கண்டுகொண்டது.

தனிப் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது கூலி, இடம், பழக்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அவர்களுடைய ஸ்கேனர் வெறுமனே படிக்கும் கருவியா, காருக்குக் கட்டளை கொடுக்கும் கருவியா என்பதைத்தான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை பிழைக் குறியீட்டைப் படிக்கும், அழிக்கும், அத்தோடு சரி. காலிபர் மோட்டாரைப் பின்வாங்கச் செய்யவோ, ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் பம்பையும் வால்வையும் இயக்கவோ அவற்றால் முடியாது. “எங்களிடம் ஸ்கேனர் இருக்கிறது” என்ற பலகையைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். நல்ல கருவி வாங்கியிருந்தாலும், அதன் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டாமல் விட்டால் புதிய மாடல்கள் பட்டியலிலேயே வராது. ஆகவே, சக்கரத்தைக் கழற்றும் முன்பே, என் காரின் பின்பிரேக்கைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட முடிந்தவர் காட்டுவார். தயங்கினால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், யாருக்கும் வருத்தமில்லை.

பிரேக் ஆயிலுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், ஆயில் மாற்றவே ஸ்கேனர் வேண்டும் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகாதவரை, பல கார்களில் வழக்கமான முறையில் ஏர் எடுத்தாலே, அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினாலே, போதும். ஆயில் டப்பாவை வற்றவிட்டிருந்தாலோ பெட்டியையே மாற்றினாலோ ஸ்கேனர் தேவைப்படும். காலத்தில் மாற்றுவதுதான் முக்கியம். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதற்கான வரம்பே 155 டிகிரிதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் காலடியிலேயே தெரியும். மிதி பஞ்சுபோல அமுங்கும்.

மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்னணுவே அழுத்தத்தை உருவாக்கும் கார்கள் வேறு வகை. மெர்சிடிஸ் 2001இல் எஸ்எல் காரில் கொண்டுவந்த எஸ்பிசி பிரேக் அப்படிப்பட்டது. கதவைத் திறந்தாலே அது விழித்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளக்கூடும் என்பதால், முதலில் ஸ்கேனர் வழியாக முடக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டொயோட்டா ஹைப்ரிட் கார்கள் பலவற்றிலும் அழுத்தத்தை உருவாக்கும் பம்பும் அதைச் சேமித்து வைக்கும் கலனும் உண்டு. இந்த வகைக் கார்களில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. இருந்தால் தனிப் பட்டறையைத் தேட மாட்டேன், கம்பெனிக்கே போவேன்.

கட்டளை கொடுக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறை உங்கள் ஊரில் இல்லையென்றால், முன்சக்கர வேலையை உள்ளூரில் பாருங்கள், பின்சக்கரத்துக்கு மட்டும் சர்வீஸ் சென்டரில் நேரம் வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் மாடலுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டை விசாரித்துப் பாருங்கள். சில கார்களில் பிரேக் மிதியையும் பொத்தானையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தியே பராமரிப்பு நிலைக்குப் போக முடியும். அப்படியிருந்தால் பழைய மெக்கானிக்கையே கூப்பிடலாம், பிளீடரைத் திறக்க மட்டும் சொல்லிவிடுங்கள்.