சாராவா, மாநிலம் மாநிலமாக அனுமதியா?

அமெரிக்கத் தனியார் கல்லூரி வெளிமாநில மாணவர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்த இரண்டு வழி. ஒன்று, 'சாரா' (SARA: ஒரு மாநிலம் தரும் ஒப்புதலை மற்ற மாநிலங்களும் ஏற்கும் ஒப்பந்தம்). அதில் சேர்ந்தால், சொந்த மாநில ஒப்புதல் ஒன்றே 49 மாநிலங்களுக்கும் போதும். அங்கீகாரம், பட்டம் வழங்கும் தகுதி, 1.5 நிதி மதிப்பெண் (அமெரிக்கக் கல்வித் துறை கல்லூரியின் நிதி நிலைக்குத் தருவது) வேண்டும்; 1.5-க்குக் கீழே 1.0 வரை இருந்தால் தற்காலிக அனுமதிதான் கிடைக்கலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

கலிபோர்னியா இதில் இல்லை. லாப நோக்கக் கல்லூரிகள் அங்கே தனியாகப் பதிவு செய்தாக வேண்டும்.

இரண்டாவது வழியாக, மாநிலம் மாநிலமாக அனுமதி வாங்கப் போனால் விண்ணப்பம், கட்டணம், கெடு எல்லாமே வேறுவேறு. ஓரிரு மாநிலங்களுக்கு மட்டுமென்றால் பரவாயில்லை. அதற்கு மேல் வீண் அலைச்சல்.

பலர் சறுக்குவது நர்சிங்கில். சாரா தொழில் உரிமத்தைத் தொடாது. அந்தந்த மாநில நர்சிங் வாரியத்திடம் தனியே கேட்க வேண்டும். ஒரே மருத்துவமனையில் ஒரு படிப்பிலிருந்து ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் பயிற்சிக்கு அனுப்பினாலும் சாரா காக்காது.