பிரிட்டன் குடிவரவு ஆலோசனை: பதிவு பெற்ற ஆலோசகரா, லீகல் எய்ட் வழக்கறிஞரா?

முதலில் பதிவு பெற்ற ஆலோசகர். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவோ வழக்கறிஞர் தகுதியோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம், காசு வாங்காமல் சொன்னாலும்தான். "தெரிந்த அண்ணன் ஃபார்ம் நிரப்பித் தருவார்" என்று போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். பதிவில் மூன்று நிலைகள்: முதல் நிலைக்காரர் எளிய விண்ணப்பங்களோடு சரி, தஞ்சக் கோரிக்கை என்றால் இரண்டாம் நிலையாவது வேண்டும், தீர்ப்பாயத்தில் வாதாட மூன்றாம் நிலை. இவர்களைக் கண்காணிக்கும் அமைப்பு 2025 ஜனவரியில் குடிவரவு ஆலோசனை ஆணையம் என்று பெயர் மாறியது. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. விசாவை நிராகரிப்பதும் அதே அமைச்சகம்தான் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கட்டணம் பெரும்பாலும் நம் பையிலிருந்து, தொண்டு நிறுவனம் என்றால் இலவசமாகக் கிடைக்கலாம்.

அடுத்தது லீகல் எய்ட், அதாவது அரசுச் செலவில் கிடைக்கும் சட்ட உதவி. இதில் பணம் தருவது நீதி அமைச்சகம், வழக்கறிஞரைக் கண்காணிப்பது அவருடைய தொழில் ஒழுங்குமுறை அமைப்பு. ஆனால் 2013 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப விசா, வேலை விசா எல்லாவற்றையும் பெரும்பாலும் இந்த உதவியிலிருந்து வெட்டிவிட்டார்கள், தஞ்சம் தப்பியது. அதற்கும் வருமான வரம்பு உண்டு, அப்புறம் பல ஊர்களில் கேஸ் எடுக்க ஆளே கிடைப்பதில்லை.

தஞ்சம் என்றால் லீகல் எய்டுக்கு அலைவது வீண் போகாது. துணைவர் விசாவுக்குப் பதிவு பெற்ற ஆலோசகர் போதும், ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரையும் நிலையையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.