எங்கள் ஊர் அரசுப் பள்ளி: இரண்டு வருஷம் பார்த்த பிறகு எழுதும் ரிவ்யூ

கூகுள் மேப்பில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஏழு பேர் ஸ்டார் போட்டிருக்கிறார்கள். வார்த்தையாக எழுதியது ஒரே ஒருவர், அதுவும் "நான் படித்த பள்ளி" என்று மட்டும். பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று தடுமாறுகிறவருக்கு அது எதற்கு ஆகும்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். திருப்பூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, பெயர் வேண்டாம், அப்புறம் அங்கிருக்கும் டீச்சர்களிடம் யாராவது போய்க் கேள்வி கேட்பார்கள்.

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் டைலர். எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும், ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். மகள் முதலில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருந்தாள். ஏழேகாலுக்கே வேன் வந்துவிடும், பாதி நாள் பாலோடு போவாள். இரண்டாம் டெர்ம் ஃபீஸ் பத்து நாள் தள்ளிப்போனதற்குப் பரீட்சை அன்று வராந்தாவில் நிற்க வைத்தார்கள். அடுத்த ஜூனில் இங்கே ரெண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

முதலில் காலைச் சாப்பாடு, ஏனென்றால் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அதுதான் பெரிய விஷயம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகளில்தான் இருந்தது. எங்கள் பள்ளிக்கு வந்தது 2023 ஆகஸ்டில், எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொடுத்தபோது. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள். எங்கள் பள்ளியில் சமைக்கும் அக்காவின் பையன் இங்கேயே முதல் வகுப்பு. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் சூட்சுமமே அதுதான். சாம்பாரில் உப்பு ஏறிவிட்டால் முதலில் முகம் சுளிப்பது அவர் பையன்தான், இன்ஸ்பெக்‌ஷனுக்கு யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பருப்பு வெந்துதான் ஆக வேண்டும். ஒருநாள் கம்பெனி லீவு, நானே கொண்டுபோய் விட்டேன். எட்டு மணிக்கு அக்கா கரண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு, போனில் சாப்பாட்டைப் படம் பிடித்து ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். நெட் கிடைக்கவில்லை என்று மதில் மேல் ஏறி நின்று ஏற்றினார்!

குறையும் சொல்ல வேண்டும். திட்டம் வந்தபோது போட்ட பட்டியல் இதுதான்: திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மறுபடி உப்புமா, வெள்ளி மறுபடி கிச்சடி. என் மகள் புதன்கிழமைக்காகவே வாழ்ந்தாள். மற்ற நாளில் கேரட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். ஆனால் சாப்பிடுகிறாள். பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம், அந்தப் பையன் வந்த புதிதில் உப்புமாவை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தானாம், இப்போது "அக்கா, இன்னுங் கொஞ்சம் போடுங்க்கா" என்று எங்களைவிடச் சுத்தமான கோயமுத்தூர் இழுவையில் கேட்கிறான்.

படிப்பு? பரவாயில்லை. அரசின் 'எண்ணும் எழுத்தும்' முறையில் பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் அளவுப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மகள் வந்தபோது தமிழில் அரும்பு, வருஷக் கடைசியில் மலர். இங்கிலீஷ் பேசுவது மட்டும் பழைய பள்ளியைவிடக் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

அடுத்தது சாயங்காலம், அங்கேதான் எனக்கு மனக்குறை. கொரோனாவுக்குப் பிறகு 2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது ஞாபகம் இருக்கும், மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலர்கள், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் பாடம். எங்கள் தெருவில் பி.எட். முடித்த பெண் ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தினாள். பாடம் எவ்வளவு ஏறியதோ தெரியாது, நாங்கள் வேலையில் இருக்கும் அந்த நேரத்தில் பிள்ளைகள் ஒரு பெரியவர் கண்ணில் இருந்தார்கள். அவளுக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனதோடு திண்ணையும் காலி. இன்னொருவரைத் தேட யாரும் மெனக்கெடவில்லை. நானும் தேடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோரும் சேர்ந்து பள்ளியைக் கவனித்துக்கொள்ளும் பள்ளி மேலாண்மைக் குழு பற்றிப் பலருக்குத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். 2022-ல் இருபது பேரோடு மாற்றி அமைத்தார்கள், தலைவரே ஒரு பெற்றோர்தான். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இருபத்துநாலு ஆக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கூட்டம் எப்போது? வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு! கம்பெனியில் மூன்று மணிக்குக் கிளம்பினால் அரை நாள் கூலி போச்சு. இரண்டு வருஷத்தில் நான் போனது மூன்று கூட்டம். ஒரு தடவை தீர்மான நோட்டு கையெழுத்துக்கு வீட்டுக்கே வந்தது, போட்டுவிட்டு அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்தால் இன்னும் பத்து அம்மாக்கள் வருவார்கள், இதைச் சொல்லத்தான் மூன்றாவது கூட்டத்துக்கே போனேன்.

ஊர்க்காரர்கள் பள்ளிக்குச் சாமான் வாங்கிக் கொடுத்த கல்விச் சீர் மட்டும் மறக்காது. மேளம் முன்னால் போக, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கோடு நோட்டு, பென்சில், பின்னால் மினி டெம்போவில் பீரோ, நாற்காலி, ஃபேன், இருபது எவர்சில்வர் தட்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய் வீட்டுச் சீர் போவது மாதிரியே. எங்கள் பக்கத்து ஸ்டோர்க்காரம்மா, பேரப் பிள்ளைகூட இங்கே படிக்காதவர், ஒரு சுவர்க் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தார். ஒரு கம்பெனி முதலாளி சுவருக்கு ரயில் பெட்டி மாதிரி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பெண் பிள்ளைகள் கழிவறையில் குழாய் ஆறு மாதம் ஒழுகியது. பீரோவில் உபயம் என்று பெயர் எழுத இடம் இருக்கிறது, ஃபேன் இறக்கையிலும் எழுதலாம், குழாயில் எங்கே எழுதுவது? கடைசியில் சமைக்கும் அக்காவின் வீட்டுக்காரர், அவர் பிளம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார்.

ஸ்டார் கேட்டால், காலைச் சாப்பாட்டுக்கு நாலரை, வகுப்புக்கு மூன்றரை, கழிவறைக்கு இரண்டு, அதுவும் அந்த பிளம்பர் அண்ணனுக்காக. சாயங்காலத்துக்கு ஒன்றும் போடவில்லை.

சேர்க்க நினைக்கிறவர்கள் மேளதாளத்தோடு சேர்க்கை விழா நடக்கும் நாளில் போய்ப் பார்க்காதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போங்கள், யார் சமைக்கிறார்கள், அவர் பிள்ளை எந்த வகுப்பு என்று கேளுங்கள், அப்படியே கழிவறைக் குழாயையும் ஒருதடவை திறந்து பார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கையில் இருந்தால் எங்களுக்குப் பத்து நிமிஷத்தில் அட்மிஷன் முடிந்தது.