மேப்பிள் சாறு பிடிக்க வாளியா, குழாயா?

கனடாவின் ஒன்டாரியோவில் வீட்டுக்குப் பின்னால் சர்க்கரை மேப்பிள் மரம் வைத்திருப்பவர்களுக்கு மார்ச் நெருங்கினால் மரத்தில் துளை போட்டு வடியும் சாற்றை வாளியில் பிடிப்பதா, குழாய் வழியாகத் தொட்டிக்கு இறக்குவதா என்ற குழப்பம் வந்துவிடும். இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்கள்தான் சாறு நன்றாக ஓடும்.

செலவு: வாளியும் மூடியும் மரத்துக்கு ஒன்றாவது வேண்டும். குழாய் என்றால் பல மரங்களுக்கு ஒரே தொட்டி போதும்.

உழைப்பு: வாளியைத் தினமும் போய்க் காலி செய்ய வேண்டும். காய்ச்சி 1 லிட்டர் மேப்பிள் பாகு எடுக்கச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். பனியில் கால் புதையப் புதைய அவ்வளவையும் சுமந்து வரவேண்டும். குழாயில் தானாக இறங்கிவரும், ஆனால் நிலம் சரிவாக இருக்க வேண்டும்.

உறுதி: உலோக வாளி பல்லாண்டு வரும். குழாயை அணில் கடிக்கும்.

சுத்தம்: இதில் வாளிக்குத்தான் என் ஓட்டு. கையை விட்டுத் தேய்த்துக் கழுவலாம். நீளக் குழாய்க்குள் படியும் வழுவழுப்பை எடுப்பது பெரும்பாடு. அப்புறம், பழைய வாளி வாங்கினால் நச்சுள்ள காரீயப் பற்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இருந்தால் வேண்டாம்.

வீட்டருகே பத்து மரத்துக்குள் என்றால் வாளி. சரிவான தோப்பில் முப்பது நாற்பது மரம் என்றால் குழாய். எதுவானாலும் 25 செ.மீ. விட்டம்கூட இல்லாத இளமரத்தில் துளை போடாதீர்கள்.